பிள்ளைத்தாச்சிக்கு இளைப்பா? சின்ன வயதுக் காய்ச்சலையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2009இல் போரில் இடம்பெயர்ந்து, பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமிகளாகச் செட்டிகுளம் முகாம்களில் இருந்தவர்கள் இன்று பிள்ளைத்தாச்சிகளாகக் கிளினிக்குக்கு வருகிறார்கள். "சின்ன வயதில் மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்ததா?" என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கிளினிக் கொப்பிகள் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டன. சொல்வதற்குத் தாயும் சிலருக்கு இல்லை.

தொண்டை நோவுக்கு மருந்தெடுக்காமல் விட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வரும். அது இதய வால்வைப் பழுதாக்கிவிட்டு, வருடக்கணக்கில் எதையும் வெளியே காட்டாமலும் இருக்கலாம். சில பெண்களுக்குக் கர்ப்பம் தரித்தபிறகுதான் குட்டு வெளிப்படும். தாயின் உடம்பில் ஓடும் இரத்தம் கிட்டத்தட்ட அரைப்பங்கு, ஏறக்குறைய ஒன்றரை லீட்டர் கூடுகிறது. நாடியும் நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுகிறது. நல்ல இதயம் இதைத் தாங்கும். வால்வு சுருங்கியிருந்தால் இரத்தம் பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோர்க்கும்.

ஒட்டுசுட்டான் பக்கம் ஒரு வீட்டில் ஏழு மாதப் பிள்ளைத்தாச்சி விறாந்தைத் தூணில் சாய்ந்திருந்தாள். "படுத்தா மூச்சு முட்டுது மிஸ், இருந்தபடிதான் நித்திரை" என்றாள். குசினிக்குள் இருந்து மாமி, "வயித்துப்பிள்ளையோட இளைக்கும்தானே, நாங்களும் பெத்தனாங்கள்" என்றா. நாடியைப் பிடித்தேன், எண்ண முடியாத ஓட்டம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எக்கோ எனும் இதய ஸ்கான் எடுத்தபோது வால்வு சுருங்கியிருந்தது தெரிந்தது. தாயும் பிள்ளையும் சுகம்.

மாமி சொன்னதில் முழுப் பிழையுமில்லை. வேலை செய்யும்போது கொஞ்சம் இளைப்பதும் பின்னேரத்தில் கால் சற்று வீங்குவதும் பெரும்பாலும் வழமைதான். ஆனால் நீட்டி நிமிர்ந்து படுக்க முடியாத இளைப்பும், நடுச்சாமத்தில் மூச்சுமுட்டி எழும்புவதும், நெஞ்சு நோவும், மயக்கமும் வழமையல்ல. விடியட்டும் என்று பார்த்திருக்காமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பிள்ளை பிறந்ததும் ஆபத்து முடிந்ததென்று நினைக்கிறோம். கருப்பை சுருங்கும்போது அங்கிருந்த இரத்தமும் இதயத்துக்கே திரும்புவதால், பலவீனமான இதயம் அப்போதும் திணறலாம். துடக்குக் கழியும்வரை தாயை அறைக்குள் விட்டு, பிள்ளையை மட்டும் எட்டிப் பார்ப்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. அவளுக்கு இளைக்கிறதா என்றும் தினமும் கேளுங்கள்.

அம்மம்மா, பெரியம்மா, சித்தி, மாமா யாராக இருந்தாலும் சரி, அந்தப் பிள்ளைத்தாச்சிக்குச் சின்ன வயதில், வாதக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மாதாமாதம் பெனிசிலின் ஊசி போட்டது உங்களுக்கு நினைவிருந்தால், முதல் கிளினிக்குக்குக் கூடப் போய் டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர்,
முள்ளியவளை.