1987 கோப்பை யுகோஸ்லாவியாவுடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் வந்த இளையோர் கால்பந்து பட்டியலில், 1987இல் சிலியில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகப் போட்டியை வென்ற நாடு என்று குரோஷியாவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். வென்றது யுகோஸ்லாவியா. அப்போது அதன் ஆறு குடியரசுகளில் ஒன்றாக இருந்த குரோஷியா விடுதலையை அறிவித்ததே 1991இல்தான்.

இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பது தெரிந்ததே. அந்த அணியில் ஆடிய பொபான், சூக்கர், புரொசினெச்கி, யார்னி, ஸ்டிமாச் ஐந்து பேரும் 1998 உலகக் கோப்பையில் குரோஷியாவுக்காக ஆடி மூன்றாமிடம் வாங்கிக் கொடுத்தார்கள். அந்த ஸ்டிமாச்தான் 2019 முதல் 2024 வரை நம் இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்தவர். ஆனால் கோல்கீப்பர் லெகோவிச்சும் மியாட்டோவிச்சும் பிர்னோவிச்சும் இன்னொரு குடியரசான மாண்டினீக்ரோவின் புதுச்னோஸ்ட் கிளப்பிலிருந்து வந்தவர்கள். காலிறுதியில் பிரேசில் முதலில் கோல் அடித்தபின் சமன் செய்தவர் மியாட்டோவிச். 89ஆவது நிமிடத்தில் புரொசினெச்கி அடித்த வெற்றி கோலுக்கு வழி திறந்தது அதுதான். ஒரு குடியரசை மட்டும் பிரித்தெடுத்து அந்த அணிக்குப் பெயர் வைக்க முடியாது.

பயிற்சியாளர் மிர்கோ யோசிச். மிஹைலோவிச், பொக்சிச், யூகோவிச் மூவரும் வயது வரம்புக்குள் இருந்தும் சிலிக்குப் போகவில்லை. போதாக்குறைக்கு, போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே புரொசினெச்கியை ஐரோப்பியப் போட்டிக்காகத் திரும்ப அழைக்க அவருடைய கிளப்பான ரெட் ஸ்டார் முயன்றது. சக வீரர்கள் எதிர்த்தார்கள், அவர் தங்கினார். லீக் சுற்றில் சிலியை 4-2, ஆஸ்திரேலியாவை 4-0, டோகோவை 4-1 என்று வென்ற அணி, அரையிறுதியில் கிழக்கு ஜெர்மனியை 2-1 என்று வீழ்த்தியது. அதில் ஒரு கோல் ஸ்டிமாச்சுடையது.

சான்டியாகோ இறுதி ஆட்டத்தில் எதிரே மேற்கு ஜெர்மனி. தடை காரணமாக புரொசினெச்கி, மியாட்டோவிச் இருவருமே இல்லை. படைப்பாற்றல் மிக்க இருவர் இல்லாத அணி 85ஆவது நிமிடம் வரை கோலில்லாமல் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். அப்போது பொபான் கோல் அடித்தார். இரண்டே நிமிடத்தில் மேற்கு ஜெர்மனியின் விட்டெசெக் பெனால்டியில் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் முடிவில்லை. ஷூட் அவுட்டில் அதே விட்டெசெக் தவறவிட, யுகோஸ்லாவியா ஐந்தையும் போட்டு 5-4 என்று வென்றது. கடைசி உதை பொபானுடையது. இறுதியில் ஆடாத புரொசினெச்கிதான் தொடரின் சிறந்த வீரர்.

பட்டியல் தயாரிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 1992க்கு முன்பிருந்த ஆறு குடியரசுகளின் யுகோஸ்லாவியா வேறு. 1992 முதல் 2003 வரை செர்பியாவும் மாண்டினீக்ரோவும் மட்டும் அதே பெயரில் இருந்தது வேறு. 1998 உலகக் கோப்பையில் மியாட்டோவிச் ஆடியது இந்த இரண்டாவது நாட்டுக்காக. 2003-06இல் அதுவே செர்பியா-மாண்டினீக்ரோ. 2015இல் நியூஸிலாந்தில் பிரேசிலை 2-1 என்று வென்று 20 வயதுக்குட்பட்டோர் கோப்பையைத் தூக்கியது செர்பியா. சில பட்டியல்கள் இதையும் 1987ஐயும் சேர்த்து செர்பியாவுக்கு இரண்டு என்று எழுதிவிடுகின்றன. வாரிசு நாடு என்பதற்காக அப்படிச் செய்வது சரியென்று எனக்குத் தோன்றவில்லை. வென்ற ஆண்டில் நாட்டின் பெயர் எதுவோ அதையே போடுங்கள். வீரர் பெயருக்குப் பக்கத்தில் அவர் பின்னாளில் ஆடிய நாட்டைத் தனியாகக் காட்டுங்கள்.

யுகோஸ்லாவியாவின் இளையோர் வரலாறு 1987இல் தொடங்கியதும் அல்ல. 1951இலும் 1979இலும் ஐரோப்பிய இளையோர் பட்டம், 1978இல் 21 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியப் பட்டம் என்று முன்பே மூன்று இருந்தன. 1990இல் 21 வயதுக்குட்பட்டோர் இறுதியில் சோவியத் யூனியனிடம் இரண்டு ஆட்டங்களிலும் தோற்றது. இரு நாடுகளுமே அடுத்த சில ஆண்டுகளில் சிதறிவிட்டன. திருத்தம் வெளியிடும்போது இவற்றையும் சேர்த்தால் பட்டியல் முழுமையாகும்.

இப்படிக்கு,
வாசகர், வியாசர்பாடி, சென்னை