கொல்லப்பட்ட மூன்று மேயர்கள்: யாழ்ப்பாண மாநகர சபை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். ‘துரோகி’ என்ற சொல் நமது அரசியல் பேச்சில் மறுபடியும் மலிந்து வருவதைக் கண்டு இதை எழுதுகிறேன். எழுதும் தகுதி எனக்கு ஒரு விதத்தில் உண்டு. அந்தச் சொல்லை முழுதாக நம்பியவர்களில் நானும் ஒருவன்.

1975 ஜூலை 27 அன்று, பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வழிபட வந்த மேயர் அல்பிரட் துரையப்பா சுட்டுக் கொல்லப்பட்டார். எனக்கு அப்போது 14 வயது. செய்தி வந்த நேரம் எங்கள் வீட்டு விறாந்தையில் நாலைந்து பெரியவர்கள் இருந்தார்கள். எல்லோரும் படித்தவர்கள், வெள்ளி செவ்வாயில் மச்சம் தொடாதவர்கள். அவர்களில் ஒருவர் “உது வேணும்” என்றார். யாரும் மறுக்கவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. அம்மா வழக்கம்போலத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். எனக்குள் மகிழ்ச்சி இருந்தது. அதை இன்று மறைப்பதற்கில்லை.

எங்கள் கோபம் பொய்யில் பிறந்ததல்ல. பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல், அதாவது தமிழ் மாணவர்கள் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டிய முறை, வந்திருந்தது. 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்திருந்தது. 1974 ஜனவரி 10 அன்று யாழ்ப்பாணத்தில் நடந்த உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதி நாளில் பொலிஸார் கூட்டத்துக்குள் புகுந்ததில் உயிர்கள் போயின. துரையப்பா ஆளுங்கட்சிக்காரர் என்பதால் பழியில் ஒரு பங்கு அவர் தலையில் விழுந்தது. அவரைக் குற்றவாளியாகக் கண்ட நீதிமன்றம் எதுவும் இல்லை. எங்களுக்கு அது தேவைப்படவுமில்லை. எங்களிடம் இருந்த உண்மையான நியாயமே எங்கள் கண்ணை மறைத்தது என்றுதான் நான் இப்போது நினைக்கிறேன். நியாயம் இல்லாதவனுக்காவது சில வேளை உள்ளே ஒரு உறுத்தல் இருக்கும்.

துப்பாக்கி எடுத்தவர்கள் சிலர். அதற்கு வெகு முன்பே வழக்கை நடத்தித் தீர்ப்பையும் சொல்லி முடித்தவர்கள் மேடைகளிலும் விறாந்தைகளிலும் இருந்த நாங்கள்தான். ஒருவரைத் துரோகி என்று அழைத்த பிறகு, அவர் என்ன செய்தார் என்று கேட்கிறவனும் சந்தேகத்துக்குரியவனாகி விடுகிறான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தை 1979 இல் கொண்டுவந்த அரசு, ‘பயங்கரவாதி’ என்ற சொல்லைக் கொண்டு எங்கள் பிள்ளைகளுக்குச் செய்ததும் இதுவே. தெற்கில் 1988 இல் நடிகரும் அரசியல் தலைவருமான விஜய குமாரதுங்கவைச் சுட்டவர்களும் தங்களைத் தேசப்பற்றாளர் என்றே எண்ணியிருந்தார்கள்.

‘துரோகி’ என்ற சொல்லை முழங்கிய மேடைகளில் தமிழர் விடுதலைக் கூட்டணிக் கட்சியின் மேடைகளும் இருந்தன. அதன் தலைவர் அமிர்தலிங்கமும் அக்கட்சியின் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வெற்றிவேலு யோகேஸ்வரனும் 1989 ஜூலை 13 அன்று கொழும்பில், பேச வந்தவர்களின் கையாலேயே கொல்லப்பட்டார்கள். வருகிறவர்களைச் சோதனையிட வேண்டாம் என்று காவலர்களிடம் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்ததாம். வீட்டுக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகளை வாசலில் நிறுத்தித் தடவிப் பார்ப்பது மரியாதையல்ல என்று நினைத்திருப்பார்கள்.

யோகேஸ்வரனின் மனைவி சரோஜினி 1998 இல் உங்கள் சபையின் மேயரானார். இராணுவத்தின் பிடியில் இருந்த நகரத்தில் தேர்தலில் நின்று, குப்பையையும் குடிநீரையும் கவனிக்கும் பொறுப்பை ஏற்றதே அவர்மீது சுமத்தக்கூடிய குற்றம். அவ்வாண்டு மே 17 அன்று தம் வீட்டில் சுடப்பட்டு இறந்தார். அவருக்குப் பின் வந்த பொன். சிவபாலன், நான்கு மாதம் முடியுமுன், செப்டம்பர் 11 அன்று மாநகர சபைக் கட்டடத்தில் வெடித்த குண்டுக்குப் பலியானார். அப்போது எனக்கு 37 வயது. “உது வேணும்” என்று நான் சொல்லவில்லை. வேறெதுவும் சொல்லவும் இல்லை.

ஆகவே உங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். சபையில் எந்த உறுப்பினராவது இன்னொருவரைத் துரோகி என்று சொன்னால், அவர் செய்தது என்ன, எந்த நாளில், அதற்குச் சான்று என்ன என்று அதே இடத்தில் கேளுங்கள். கேள்வியையும் பதிலையும் கூட்ட அறிக்கையில் பதியுங்கள். பதில் இல்லையென்றால், இல்லை என்றே பதியுங்கள்.

மற்றது, அல்பிரட் துரையப்பா, சரோஜினி யோகேஸ்வரன், பொன். சிவபாலன் ஆகிய மூவரின் பெயர்களையும் கொல்லப்பட்ட தேதிகளோடு ஒரே பலகையில் எழுதி, நீங்கள் கூடும் மண்டபத்தில் மாட்டுங்கள். தியாகி என்றோ வேறு எதுவென்றோ அடைமொழி வேண்டாம். பெயர், பதவி, தேதி போதும். பலகைக்கான செலவை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
நல்லூர் வட்டாரத்து வாக்காளன் ஒருவன்