செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், கோரையாற்றுக்கும் பாமணியாற்றுக்கும் இடைப்பட்ட கிராமங்களிலிருந்து இப்பேரவைக்கு வந்திருக்கும் தோழர்கள், தாய்மார்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான சங்கப் பணிகளை இவ்வறிக்கையில் முன்வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். இவ்வாண்டு நம்மைப் பிரிந்த உறுப்பினர்களுக்குச் சங்கம் அஞ்சலி செலுத்துகிறது. அவர்களில் சிலர், முதியோர் உதவித்தொகைக்கு மனு கொடுத்துவிட்டு உத்தரவு வரும் முன்பே காலமானவர்கள் என்பதை வேதனையுடன் பதிவு செய்கிறேன்.

உதவித்தொகை, ஓய்வூதியம், நூறு நாள் வேலை ஆகிய எதைப் பற்றியும் இனி எந்த அலுவலகத்திலும் வாய்மொழியாகக் கேட்டுவிட்டுத் திரும்புவதில்லை என்றும், எழுத்தில் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குவது என்றும், மறுத்தால் அதற்கான காரணத்தையும் எழுத்தில் கேட்பது என்றும் சென்ற பேரவையில் முடிவெடுத்தோம். ஆண்டு முழுவதும் சங்கத்தின் உழைப்பில் பெரும்பகுதி இந்த ஒரு முடிவை நடைமுறைப்படுத்துவதிலேயே சென்றது. நம் மக்களில் பெரும்பாலோர் விதிகளின்படி தகுதி இல்லாமல் உதவியை இழக்கவில்லை. கேட்டதற்கும் மறுக்கப்பட்டதற்கும் சான்று இல்லாமல் இழக்கிறார்கள் என்பதே இவ்வாண்டு அனுபவத்தில் நாங்கள் கண்டது.

வழக்கமாக ஜூன் 12ஆம் நாள் திறக்கப்படும் மேட்டூர் அணை, நீர் இருப்பு போதாமையால் 2024ஆம் ஆண்டில் ஜூலை 28ஆம் நாள்தான் திறக்கப்பட்டது. ஆழ்துளைக் கிணறு வைத்திருப்போர் குறுவை செய்தார்கள். ஆற்றுப் பாசனத்தை மட்டும் நம்பிய வயல்கள் சம்பா வரை காத்திருந்தன. நடவுக்கு இயந்திரமும் நேரடி விதைப்பும், அறுப்புக்கு இயந்திரமும் வந்த பிறகு வயல் வேலை ஏற்கெனவே சுருங்கியிருந்த நிலையில், நாற்றுப் பறிப்பும் நடவும் இல்லாத ஜூன், ஜூலை மாதங்களில் நம் பெண்களுக்கு நூறு நாள் வேலை ஒன்றே மிச்சமிருந்தது. அந்த வேலையும் கேட்டபோது கிடைக்கவில்லை. ஆகவே அதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

வேலை கேட்டு 15 நாட்களுக்குள் வேலை தராவிட்டால் வேலையில்லாப் படி வழங்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டத்தின் 7ஆம் பிரிவு கூறுகிறது. முதல் 30 நாட்களுக்குக் கூலியில் நான்கில் ஒரு பங்கும், அதன் பிறகு பாதியும் குறைந்த அளவாகத் தரப்பட வேண்டும். இவ்வாண்டு தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி 319 ரூபாய் என்பதால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 80 ரூபாயும் பின்னர் 160 ரூபாயும் ஆகும். இந்தப் படியைக் கூலியைப் போல மத்திய அரசு தருவதில்லை, மாநில அரசே ஏற்க வேண்டும். நம் வட்டாரத்தில் இதை வாங்கிய ஒருவரையும் எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. “வேலை வந்தால் சொல்லி அனுப்புகிறோம்” என்ற பதிலோடு வேலை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவதால், வேலை கேட்கப்பட்டதாகவே எந்தப் பதிவும் இருப்பதில்லை. கணினியில் வேலை ஒதுக்கப்படும் நாளையே வேலை கேட்ட நாளாகப் பதிந்துவிட்டால், 15 நாள் தாமதம் என்பது ஏட்டில் எழவே எழாது. இதனால்தான் ஊராட்சி அலுவலகத்தில் குழுவாகச் சென்று மனு கொடுத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி ஒப்புகைச் சீட்டு கேட்டோம். சில ஊராட்சிகளில் தயக்கமின்றிக் கொடுத்தார்கள். மறுத்த இடங்களில் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினோம். சீட்டு கையில் வந்த ஊர்களில் பெரும்பாலும் இரண்டு வாரங்களுக்குள் வேலை தொடங்கிவிட்டது என்பதைப் பேரவையின் கவனத்துக்குக் கொண்டு வருகிறேன். படி வாங்கித் தர இவ்வாண்டு முடியவில்லை என்றாலும், படிக்கான பொறுப்பு அஞ்சப்படுகிற இடத்தில் வேலை கிடைக்கிறது என்பது தெளிவாகியிருக்கிறது.

வேலை செய்தவர்களுக்கோ கூலி வரவில்லை. 2024 நவம்பர் இறுதிக்குப் பிறகு செய்த வேலைக்கான பணம் மாநிலம் முழுவதும் நின்றது. நிலுவை 1,056 கோடி ரூபாய் என்று குறிப்பிட்டு முதலமைச்சர் 2025 ஜனவரியில் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் மாத இறுதியில் அந்த நிலுவை 4,034 கோடி என்று பேசப்பட்டது. மழையில் சம்பாப் பயிர் மூழ்கி, களை எடுப்பும் இல்லாமல் போன அதே நாட்களில்தான் இது நடந்தது. பொங்கலுக்கு முன்பாவது வரும் என்று மளிகைக் கடையில் கடன் சொன்னவர்கள் கோடைக்குள் வட்டிக்காரரிடம் போனார்கள். பதினைந்து நாட்களுக்குள் கூலி தர வேண்டும் என்பதும், தாமதமானால் நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு இழப்பீடு உண்டு என்பதும் சட்டம். ஆறு நாள் கூலியான 1,914 ரூபாய்க்கு இந்த இழப்பீடு ஒரு நாளைக்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. தொகை சிறிது என்று இதை விட்டுவிடக் கூடாது என்பது செயற்குழுவின் கருத்து. தாமதம் அரசின் கணக்கில் தாமதமாகவே எழுதப்பட வேண்டும். இதற்கான மனுக்களை ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்து, எண்களைப் பெற்று வைத்திருக்கிறோம்.

எல்லா நிலுவையும் அரசிடம் நின்ற பணம் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜனவரி 1 முதல் கூலி ஆதார் வழியாக மட்டுமே செலுத்தப்படுகிறது. ஒருவருக்கு மூன்று கணக்குகள் இருந்தால், எந்த வங்கியில் கடைசியாக ஆதாரை இணைத்தாரோ அந்தக் கணக்குக்கே பணம் போகும்; வேலை அட்டையில் எழுதியிருக்கும் கணக்கு எண் அதைத் தீர்மானிக்காது. சுயஉதவிக் குழுக் கடனுக்காகவோ நகைக் கடனுக்காகவோ புதிய கணக்கு தொடங்கிய பெண்களின் கூலி, அவர்கள் அறியாமலேயே அந்தக் கணக்கில் சேர்ந்திருந்ததைப் பலரிடம் கண்டோம். எனவே, “பணம் வரவில்லை” என்று வருகிறவரிடம் முதலில் ஆதார் எந்த வங்கியோடு இணைந்திருக்கிறது என்பதைப் பார்த்த பிறகே மனு எழுதுவது என்று வைத்துக்கொண்டோம். 2025 ஜனவரி 5ஆம் நாளோடு ஊரக உள்ளாட்சிப் பதவிக் காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றதால், ஊராட்சித் தலைவரைத் தெருவில் நிறுத்திக் கேட்ட பழக்கம் போய், எல்லாவற்றுக்கும் ஒன்றிய அலுவலகம் செல்ல வேண்டிய நிலையும் சேர்ந்துகொண்டது.

அடுத்து முதியோர், விதவையர் உதவித்தொகை. மாதம் 1,000 ரூபாயாக இருந்த இத்தொகை 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக வழங்கப்படுகிறது. மத்திய அரசின் முதியோர் திட்டத்தில் வருவோருக்கு அதில் மத்தியப் பங்கு 80 வயதுக்குக் கீழ் 200 ரூபாய் மட்டுமே. எஞ்சியதை மாநிலம் சேர்க்கிறது. மனுக்கள் தள்ளப்பட்டதில் இரண்டு காரணங்கள் மீண்டும் மீண்டும் வந்தன. ஒன்று வயது. ஆதாரில் ஒரு வயது, குடும்ப அட்டையில் இன்னொரு வயது, வாக்காளர் அட்டையில் மூன்றாவது. பள்ளிக்கூடம் பார்த்திராத விவசாயக் கூலிப் பெண்ணிடம் பிறந்த தேதிச் சான்று கேட்பதில் பொருளில்லை. அரசு மருத்துவரின் வயதுச் சான்றைப் பெற்று இணைக்குமாறு வழிகாட்டினோம். 2018 நவம்பரில் கஜா புயல் வீட்டோடு தாள்களையும் கொண்டுபோன குடும்பங்கள் இன்றும் இந்தச் சிக்கலில் இருக்கின்றன. மற்றொன்று, மகன் இருக்கிறான் என்பது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்து, தன் பிள்ளைகளுக்கே பணம் போதாமல் தவிக்கும் மகனைக் காரணம் காட்டித் தாயின் மனுவைத் தள்ளுவது நியாயமல்ல. விசாரணைக்கு வரும்போது அந்தத் தாயின் அடுப்படியைப் பார்த்து எழுதுங்கள், அட்டையில் உள்ள பெயரைப் பார்த்து எழுதாதீர்கள் என்று கிராம நிர்வாக அலுவலர்களிடமும் வருவாய் ஆய்வாளர்களிடமும் நேரில் வேண்டினோம். இதைப் புரிந்துகொண்டு மறு விசாரணை செய்தவர்களுக்குச் சங்கத்தின் நன்றி உரியது.

உத்தரவு கிடைத்தவர்களுக்கும் பணம் கைக்கு வருவதில் தடை உண்டு. ஊருக்கு வரும் வங்கி முகவரின் கருவியில் கைரேகை பதியாததே முதல் தடை. நாற்பது ஐம்பது ஆண்டுகள் சேற்றில் நாற்றுப் பிடித்த விரல்களில் ரேகை தேய்ந்திருக்கிறது. “அடுத்த மாதம் பாருங்கள்” என்று அனுப்பப்படுவோரை வங்கிக் கிளைக்கே அழைத்துச் சென்றோம். கையெழுத்திட முடியாத, நடமாட முடியாத முதியவருக்கு, வங்கி அறிந்த இரு சாட்சிகள், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரி, முன்னிலையில் பெருவிரல் ரேகையை வைத்துப் பணம் தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் நெறிமுறை. ஒரு கிளையில் இதைக் காட்டிய பிறகே பணம் கொடுத்தார்கள். அரசுத் திட்டப் பயனாளிகளுக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்கை இரண்டாண்டு இயக்கம் இல்லை என்பதற்காக முடக்கக் கூடாது என்றும், செயல்படாத கணக்குகளில் குறைந்த இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. உறுப்பினர்கள் இதை அச்சமின்றி எடுத்துச் சொல்லலாம்.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடர்பாக வந்த முறையீடுகளில் நம் பகுதிக்கே உரியது கூட்டுப் பட்டா. நன்செய் ஐந்து ஏக்கர் என்பது வரம்பு. பாட்டனார் பெயரில் ஆறு ஏக்கர் கிடந்து, நான்கு பிள்ளைகள் வாய்ப் பாகமாகப் பிரித்து உழுதுவந்தால், ஏட்டில் குடும்பம் வரம்பைத் தாண்டியதாகிறது. உண்மையில் எவருக்கும் இரண்டு ஏக்கர்கூட இல்லை. கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்ய 30 நாள் அவகாசம் என்பது தெரியாமலேயே பலர் அதைத் தவறவிட்டார்கள். இத்தகைய குடும்பங்கள் பட்டா உட்பிரிவுக்கு முதலில் விண்ணப்பிக்க வேண்டும். ஜமாபந்தியில் கொடுக்க மாதிரி மனு சங்க அலுவலகத்தில் உள்ளது.

படித்த இளைஞர்களுக்கான அரசு உதவித்தொகையைப் பற்றி நம் கிராமங்களில் போதிய அறிவு இல்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்தாண்டு முடிந்து, பதிவை விடாமல் புதுப்பித்து வந்தவராக இருக்க வேண்டும். வயது 40க்குள், பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 45க்குள். குடும்ப ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு 200, தேறியவருக்கு 300, மேல்நிலைக்கு 400, பட்டதாரிக்கு 600 ரூபாய் என மாதக் கணக்கில், மூன்றாண்டு வரை, காலாண்டுக்கு ஒரு முறை வழங்கப்படுகிறது. பட்டதாரிக்குரிய 600 ரூபாய் நூறு நாள் வேலையின் இரண்டு நாள் கூலிக்கும் குறைவு. இதை உயர்த்தக் கோருவது நம் கடமை. மூன்றாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க மறந்து பதிவு மூப்பை இழப்பதும், ஆண்டுதோறும் தர வேண்டிய சுய உறுதிமொழியைத் தராமல் தொகை நிற்பதும் நடக்கின்றன. இதற்காக ஒவ்வொரு கிளையும் தம் ஊர் இளைஞர்களின் புதுப்பிப்பு நாட்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்கத் தொடங்கியிருக்கிறது.

மே தின, சுதந்திர தின, காந்தி ஜெயந்தி, குடியரசு தினக் கிராம சபைகளில் உறுப்பினர்கள் கலந்துகொண்டனர். செயற்குழு தவறாமல் கூடியது.

பேரவையின் ஒப்புதலுக்கு மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். வேலை கேட்கும் எவருக்கும் அன்றே தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு தர ஒன்றிய அலுவலகங்களுக்கு ஆட்சியர் எழுத்தில் ஆணையிட வேண்டும். உதவித்தொகை மனுக்களை நிராகரிக்கும் ஆணையில் காரணமும் மேல்முறையீட்டுக்குரிய அலுவலரும் கால அவகாசமும் தமிழில் குறிக்கப்பட வேண்டும். கைரேகை பதியாத முதியோருக்கு, மாதம் ஒரு நாள் வங்கி அலுவலரே ஊருக்கு வந்து பணம் வழங்க ஏற்பாடு வேண்டும். இவற்றோடு, நூறு நாள் வேலைக்கு 336 ரூபாய் என்ற 2025–26ஆம் ஆண்டின் புதிய கூலி விகிதத்தை ஒவ்வொரு பணித்தளத்திலும் பலகையில் எழுதிவைக்கக் கோரும் மனுவில், கூட்டம் கலையும் முன் அனைவரும் கையெழுத்தோ கைரேகையோ இட்டுச் செல்லுமாறும், இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்