விமானத்தில் போகலாமே என்று கேட்ட பெற்றோர்களுக்கு

அன்புள்ள பெற்றோர்களே, வணக்கம்.

ஆறாம் ஆண்டு மாணவர்களின் மூன்று நாட்டுப் பயணம் பற்றிப் போன வாரம் சுற்றறிக்கை அனுப்பியதிலிருந்து பள்ளியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. "கோலாலம்பூரிலிருந்து பாங்காக் இரண்டு மணி நேர விமானம். எதற்கு ஐயா பிள்ளைகளை இரண்டு நாள் ரயிலில் இழுத்துக்கொண்டு போகிறீர்கள்?" நியாயமான கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டுவதைவிட ஒரு கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

முதலில் பாதை. கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் காலையில் மின்ரயில் ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில் எல்லை ஊரான பாடாங் பெசார். அங்கே மலேசியக் குடிநுழைவுச் சோதனையும் தாய்லாந்தின் சோதனையும் ஒரே நிலையத்துக்குள், நம் மண்ணிலேயே நடக்கின்றன. ஒரு முகப்பில் நாட்டை விட்டு வெளியேறி, சில அடி நடந்து அடுத்த முகப்பில் இன்னொரு நாட்டுக்குள் நுழையலாம். கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ள வேண்டியதும் அங்கேதான். மாலையில் தாய்லாந்தின் படுக்கை ரயில். மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பாங்காக். அங்கிருந்து அன்றே காஞ்சனபுரிக்குப் போய் இரண்டு இரவு தங்குகிறோம். திரும்பி வந்து பாங்காக்கில் ஓர் இரவு, அப்புறம் இரவு ரயிலில் தாய்லாந்தின் எல்லை ஊரான நோங் காய், மெக்கோங் ஆற்றைத் தாண்டினால் லாவோசின் தலைநகர் வியன்டியான். திரும்புவதற்கு மட்டும் விமானம். மொத்தம் ஒன்பது நாள்.

இனி ஏன் ரயில் என்பதற்கு வருகிறேன். நம்மில் பலர் வீட்டில் 'சயாமுக்குப் (இன்றைய தாய்லாந்துக்கு) பிடித்துக்கொண்டு போனார்கள்' என்ற பேச்சைச் சிறு வயதில் கேட்டிருப்போம். என் தாத்தாவின் அண்ணன் அப்படிப் போனவர். இரண்டாம் உலகப் போரில் மலாயாவைப் பிடித்த ஜப்பானியர்கள், சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை போட ஆள் திரட்டிய காலம் அது. நல்ல சம்பளம், சீக்கிரம் திரும்பிவிடலாம் என்ற பேச்சை நம்பிச் சிலர் போனார்கள். நம்பாதவர்களை ஜப்பானியர்கள் தோட்டத்திலிருந்தே லாரியில் ஏற்றினார்கள். சரக்குப் பெட்டிகளில் அடைத்து, இதே தண்டவாளத் தடத்தில் வடக்கே தாய்லாந்தின் பான் போங் வரை கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடக்க வைத்தார்கள். பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை. 1942 ஜூனில் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளையும் இணைத்துவிட்டார்கள். அந்த வேகத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஜப்பானியர்களிடம் பிடிபட்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். 1943இல் மழைக்காலத்தோடு வந்த காலரா முகாம் முகாமாக வாரிக்கொண்டு போனது.

இதை நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொள்வார்கள், பரீட்சையில் வராது என்று தெரிந்ததும் மறந்துவிடுவார்கள். பாடாங் பெசாரிலிருந்து பாங்காக் ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர். குளிரூட்டிய பெட்டியில், விரித்த படுக்கையில் படுத்துக்கொண்டே போனாலும் ஓர் இரவும் ஒரு காலையும் ஆகிறது. அந்த இரவில் பாதித் தூக்கத்தில் ஒரு பையன் எழுந்து "இன்னும் வரவில்லையா சார்?" என்று கேட்பானே, அதற்காகத்தான் ரயில். விமானத்தில் அந்தக் கேள்வி எழாது.

காஞ்சனபுரியில் குவாய் ஆற்றுப் பாலத்தில் நடக்கிறோம். வளைந்த இரும்புச் சட்டங்கள் பழையவை. நடுவில் குண்டுவீச்சில் உடைந்த இடத்தில் மட்டும் போருக்குப் பிறகு போட்ட நேர்ச் சட்டங்கள். பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள். அங்கிருந்து நாம்தோக் என்ற ஊர் வரை இன்றும் ஓடும் சாதாரண ரயிலில், ஆற்றை ஒட்டிய மரப்பாலத்தின் மேல் ஊர்ந்து போவோம். மலையைக் கையால் குடைந்த ஹெல்ஃபயர் கணவாய்க்கும் போகிறோம். நகரின் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக, புல் வெட்டி, பெயர் பொறித்து. பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர். நம் ஆட்களுக்கு அங்கே இடமில்லை. அதே ஊரில் தவோர்ன் வராராம் விகாரையில் 2023இல் தமிழ்த் தொழிலாளர்களுக்காக ஒரு நடுகல் எழுப்பியிருக்கிறார்கள். கல்லறையில் அரை மணி நேரம், நடுகல்லில் ஒரு மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் நானே மாற்றி எழுதினேன்.

லாவோஸ் எதற்கு என்று ஒரு தாயார் கேட்டார். எனக்கே உள்ள ஓர் ஆசைதான் என்று ஒப்புக்கொள்கிறேன். 2024 முதல் பாங்காக்கிலிருந்து வியன்டியானுக்கு நேரடி ரயில் உண்டு. ஆனாலும் நோங் காயில் இறங்கிப் பேருந்தில்தான் மெக்கோங் ஆற்றின் மேலுள்ள தாய்லாந்து-லாவோஸ் நட்புப் பாலத்தைக் கடக்கப் போகிறோம். தாய்லாந்தில் வண்டிகள் நம்மைப்போல் இடப்பக்கம் ஓடும், லாவோசில் வலப்பக்கம். பாலம் முடிகிற இடத்தில் எல்லா வண்டியும் பக்கம் மாறும். எல்லை என்றால் என்ன என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு விளக்க இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வியன்டியானில் செயற்கைக் கால் பொருத்தும் கோப் மையத்தின் கண்காட்சிக்கும் போகிறோம். 1964 முதல் 1973 வரை அமெரிக்கா அந்தச் சிறிய நாட்டின் மேல் இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டது. வெடிக்காமல் மண்ணில் கிடந்தவை இன்றும் விவசாயிகளின் கால்களை எடுக்கின்றன. மனம் இளகிய பிள்ளையாக இருந்தால் முன்பே சொல்லுங்கள், ஆசிரியை ஒருவர் வெளியே உடன் இருப்பார்.

பாதுகாப்பு பற்றி. தெற்குத் தாய்லாந்தில் கலவரம் உள்ள நாராத்திவாட், பட்டானி, யாலா ஆகிய மூன்று மாநிலங்களுக்குள் நம் ரயில் போகாது. ஆண்டிறுதி விடுமுறையை விட்டுவிட்டு ஆண்டு நடு விடுமுறையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் மழை. 2025 நவம்பரில் தெற்குத் தாய்லாந்து நகரான ஹாட்யாயின் வெள்ளத்தில் மலேசியச் சுற்றுப்பயணிகள் விடுதி மாடிகளில் சிக்கிக்கொண்டதை நீங்களும் பார்த்தீர்கள். 28 மாணவர்களுக்கு ஆறு ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து இரண்டு தாய்மார்கள். தாய்லாந்துச் சட்டப்படி அந்நாட்டுக்காரர்தான் வழிகாட்டியாக வேலை செய்யலாம். அதனால் அங்கே உரிமம் பெற்ற தாய்லாந்து வழிகாட்டி, லாவோசில் லாவோஸ் வழிகாட்டி. மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு நிறுவனத்தோடு போனபோது எல்லையில் எங்களை ஏற்ற வேண்டிய வண்டி வராமல் நள்ளிரவு வரை பிள்ளைகளோடு சாலையோரம் உட்கார்ந்திருந்தேன். இந்த முறை வழிகாட்டிகளின் உரிம எண்ணையும் கைப்பேசி எண்ணையும் கையில் வாங்கிய பிறகே முன்பணம் கட்டினேன்.

சாப்பாடு: தாய்லாந்தில் கீரை வதக்கலில்கூட மீன் சாறு விழும். சைவப் பிள்ளைகள், சிவப்பு எழுத்துப் போட்ட மஞ்சள் கொடி தொங்கும் 'ஜே' கடைகளில் சாப்பிடலாம். பூண்டு, வெங்காயம்கூட இருக்காது, பாட்டிக்கும் திருப்தி. மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் படிவத்தில் குறித்துவிடுங்கள். லாவோசில் மூங்கில் கூடையில் ஒட்டரிசிச் சோறு வரும், கையால் உருட்டித்தான் சாப்பிட வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அதில் சிரமம் இருக்காது. ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்: பாங்காக்கில் கஞ்சா இலைப் படம் போட்ட கடைகளில் மிட்டாய், பிஸ்கட் எதையும் தொடக்கூடாது.

கடப்பிதழ் பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். மலேசியர்களுக்கு இரு நாடுகளுக்கும் விசா தேவையில்லை. தாய்லாந்தின் மின்னிலக்க வருகை அட்டையை நுழைவதற்கு முந்தைய மூன்று நாளில் பள்ளியே நிரப்பும். அது இலவசம், காசு கேட்கும் இணையத்தளங்களில் நீங்களாகப் போய்ப் பணம் கட்டிவிடாதீர்கள். ரயிலில் குளிர் அதிகம், ஒரு சால்வை வையுங்கள். பயணச் செலவு ஒரு மாணவருக்கு 2,650 ரிங்கிட், நான்கு தவணை. முடியாதவர்கள் என்னை நேரில் வந்து பாருங்கள். சங்கத்தில் கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறோம், வெளியில் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை.

சம்மதப் படிவத்தில் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டு அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். படிவத்தின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன். உங்கள் குடும்பத்தில் சயாமுக்குப் போனவர் யாராவது இருந்தால், திரும்பி வந்தவரோ வராதவரோ, அவர் பெயரை அங்கே எழுதுங்கள். தாத்தா பாட்டியிடம் கேட்டால் தெரியும். பிள்ளைகள் அந்தப் பெயர்களை நடுகல்லின் முன் நின்று வாசிப்பார்கள். பெயர் தெரியாவிட்டால் எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்று எழுதினாலும் போதும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்