செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருக்கும் மும்பை மாதுங்கா உறவுகளுக்கும் வணக்கம்.

பொங்கல் விழாவும் திருக்குறள் போட்டியும் வழக்கம்போல் நடந்தன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது மகளிர் அணி நடத்திய மருத்துவக் கூட்டத்தைப் பற்றி.

அதற்குக் காரணம் நம் உறுப்பினர் ஒருவர். "பெயரை விட்டுவிட்டு நடந்ததைச் சொல்லுங்கள்" என்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சையும் கதிர்வீச்சும் பெற்றவர். சென்ற ஆண்டு தழும்போரம் நாவல்பழக் கறைபோல் ஒரு திட்டு. லோக்கல் ரயில் நெரிசலில் யாரோ முழங்கையால் இடித்திருப்பார்கள் என்று நான்கு மாதம் களிம்பு தடவினார். மேமோகிராமில் ஒன்றும் தெரியவில்லை. தோலோடு சதை எடுத்துப் பார்த்த ஆய்வகமோ, சாதாரண ரத்தக்குழாய்க் கட்டி என்று எழுதிவிட்டது.

மனம் ஒப்பாமல், அந்தச் சதையின் ஸ்லைடுகளையும், அது பதிந்த மெழுகு பிளாக்கையும் எவர்சில்வர் சம்படத்தில் பஞ்சு சுற்றி வைத்து, பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனைக்கு எடுத்துப்போனோம். வரிசையில் பின்னால் நின்ற அம்மாள், "முறுக்கா?" என்று கேட்டார். மறுபரிசோதனையில் ஆஞ்சியோசர்கோமா, அதாவது ரத்தக்குழாயில் தோன்றும் சர்கோமா வகைப் புற்று என்று தெரிந்தது. சிகிச்சை நடக்கிறது.

மார்பகப் புற்றுகளில் சர்கோமா நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு என்றார் கூட்டத்தில் பேசிய நோய்க்குறியியல் மருத்துவர். பால் நாளங்களில் அல்ல, அவற்றைத் தாங்கும் திசுவிலோ ரத்தக்குழாயிலோ அது தோன்றுகிறது. கதிர்வீச்சு பெற்ற சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்தும் வரலாம். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் செல்களை வைத்து முடிவு சொல்வது கடினம். தடித்த ஊசியால் எடுக்கும் கோர் பயாப்ஸியோ, தோல் என்றால் தோல் துண்டோ வேண்டும். சிடி31, ஈஆர்ஜி சாயங்கள் ரத்தக்குழாய்ச் செல்லை அடையாளம் காட்டும். கெரட்டின் சாயம், வழக்கமான புற்றே வேடம் மாறி வந்திருக்கிறதா என்று பார்க்க. சர்கோமா பெரும்பாலும் ரத்தம் வழியே நுரையீரலுக்குப் பரவுவதால் மார்புக்கு சிடி ஸ்கேனும் எடுக்கிறார்கள்.

மார்பகத்தில் வரும் பிலாய்ட்ஸ் கட்டி பற்றியும் கேட்டார்கள். 1838இல் ஜெர்மன் மருத்துவர் யோஹானஸ் முல்லர் இலை வடிவைப் பார்த்து வைத்த பெயர். பெரும்பாலும் தீங்கற்றதுதான், ஆனால் ஃபைப்ரோஅடினோமா எனும் சாதாரண மார்பகக் கட்டி என்று ஏமாற்றிவிட்டு வேகமாக வளரும்.

அறிக்கைத்தாளைப் பத்திரப்படுத்தும் நாம் பிளாக்கைக் கேட்டு வாங்குவதே இல்லை. இதில் எனக்கு வருத்தம் உண்டு. இனி மராத்தி தெரிந்த இருவர், கேட்பவர்களோடு ஆய்வகத்துக்கும் மருத்துவமனைக்கும் துணைக்குப் போவார்கள். அவர்களின் டாக்சிச் செலவை விழா நிதியிலிருந்து எடுக்க உங்கள் ஒப்புதலைக் கோருகிறேன். அதனால் பொங்கலன்று கரும்பு ஆளுக்குப் பாதிதான்.