சுமதிக்கு, ஊரிலிருந்து

திருமங்கலம் பக்கம்,
10.5.2020

அன்புள்ள சுமதிக்கு,

உன் அம்மா நன்றாக இருக்கிறார். உன் மகள் கயலும் நன்றாக இருக்கிறாள். இதை முதலில் எழுதிவிட்டேன், மற்றதை நீ நிதானமாகப் படிக்கலாம்.

போனில் ஐந்து நிமிஷம் பேசுவதற்குள் உன் குரல் இறங்கிவிடுகிறது. சென்னையில் கொரோனா வார்டில் அந்தக் கவச உடையை மாட்டிக்கொண்டால் ஆறு மணி நேரம் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியாது, பாத்ரூம் போக முடியாது என்று நீ சொன்னதிலிருந்து உன்னை அதிகம் பேசவைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போட்டால் எப்போது வந்து சேருமோ, என் மகனை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கயலிடம் கொடுக்கவில்லை, அவளைப் பற்றியும் இதில் இருக்கிறது.

உன்னிடம் பேசும்போது அவள் கலகலவென்று பேசுகிறாள் இல்லையா? சாயந்திரம் ஆறு மணிக்கு வந்து பார். சுகாதாரத் துறைச் செயலாளர் பீலா ராஜேஷ் டிவியில் வந்து அன்றைய கொரோனா கணக்கைச் சொல்லும்போது இந்தப் பிள்ளை டிவிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு கேட்கிறாள். போன வாரம் அவளுடைய அறிவியல் நோட்டைப் புரட்டினேன். கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு வரிசையாக எண்கள். சென்னைக் கணக்கு மட்டும்! முந்தாநாள் மாநிலம் முழுக்க ஆறாயிரத்தைத் தாண்டியது என்றார்களே, அது அந்தப் பக்கத்தில் இல்லை. மதுரைக் கணக்கும் இல்லை. அவளுக்கு நீ இருக்கிற ஊர்தான் கணக்கு. நான் பார்த்ததை அவளிடம் சொல்லவில்லை, நீயும் கேட்காதே. அடுத்த தடவை பேசும்போது 'சாப்பிட்டியா, படிச்சியா' என்பதோடு நிறுத்தாமல், உன் வார்டில் எத்தனை பேர் குணமாகி வீட்டுக்குப் போனார்கள் என்று நீயாகவே அவளிடம் சொல். நல்ல கணக்கும் அந்த நோட்டில் ஏறட்டும்.

படிப்பு விஷயம்தான் இழுபறி. மார்ச் 27-ம் தேதி தொடங்க வேண்டிய பத்தாம் வகுப்புத் தேர்வு, இன்றைக்கு வரை எப்போது என்று சொல்லவில்லை. ஒன்றாவது முதல் ஒன்பதாவது வரை எல்லாரும் பாஸ், இவர்கள் மட்டும் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். படித்ததையே திரும்பத் திரும்பப் படித்து அவளுக்கு அலுத்துவிட்டது. காலையில் இரண்டு மணி நேரம் என்னிடம் வந்து கணக்குப் போடுகிறாள். மற்ற நேரம் பாட்டியோடு சேர்ந்து வடகம் போடுகிறாள்.

உன் அம்மாவுக்குச் சுகர் மாத்திரை இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே தடவையில் இரண்டு மாதத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். ரேஷனில் ஆயிரம் ரூபாயும் அரிசி, பருப்பு, எண்ணெயும் டோக்கன் போட்டுத் தந்தார்கள், கூட்டம் இல்லாமல் வாங்கிவிட்டோம். மாஸ்க் மட்டும்தான் அவருக்கு ஒத்துவரவில்லை. மூச்சு முட்டுகிறது என்று கழுத்துக்கு இறக்கிவிடுகிறார். பழைய வாயில் சேலையைக் கிழித்து, மெல்லிசாக நாலு தைத்துக் கொடுத்திருக்கிறேன், அதைப் போட்டுக்கொள்கிறார்.

எங்கள் வீட்டில் பூ விஷயம் பெரிய அடி. மல்லிக்கு இதுதான் சீசன் என்று உனக்குத் தெரியாததா? வருஷம் முழுக்கச் செலவழித்துவிட்டு இந்த மூன்று மாதத்தில்தான் எடுப்போம். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை மூடிவிட்டார்கள், கோயில் இல்லை, கல்யாணம் இல்லை, வாங்குவதற்கு ஆளே இல்லை. பறிக்காமல் விட்டால் செடி கெட்டுப்போகும், பறித்தால் கூலி கொடுக்க வேண்டும். விடியற்காலையில் நாங்கள் மூன்று பேரும், கயலும்கூட, போய்ப் பறிக்கிறோம். பறித்ததை என்ன செய்வது? முதல் வாரம் தெருவில் எல்லாருக்கும் கொடுத்தோம். எல்லாத் தலையிலும் பூ, எல்லாச் சாமி படத்திலும் பூ. அப்புறம் அவர்களும் போதும் என்றுவிட்டார்கள். இப்போது வரப்போரமாகக் குழி வெட்டிக் கொட்டுகிறோம். உரமாகட்டும் என்கிறார் அவர். நான் அந்தப் பக்கமே போவதில்லை சுமதி. அழுகுகிற மல்லியின் வாடை தலைவலி கொடுக்கிறது.

எங்களுக்காவது என் சம்பளம் வருகிறது. பூப் பறித்துப் பிழைத்தவர்கள், சரம் கட்டி முழம் போட்டு விற்றவர்கள் கதி என்ன? அவர்களெல்லாம் குழுக்கடன் வாங்கியிருக்கிறார்கள். மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னதைக் கேட்டு எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். தள்ளிப்போட்ட தவணைக்கும் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்று நான்தான் ஒவ்வொரு வீடாகப் போய்ச் சொன்னேன். அதைக் கேட்டதும் அவர்கள் முகம் மாறியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் சொல்லாமல் இருக்கக் கூடாது.

என் பள்ளிப் பிள்ளைகள் நினைப்பு ராத்திரியில் தூங்கவிடுவதில்லை. பாடம் போனால் பிடித்துவிடலாம். சத்துணவு நின்றதைத்தான் தாங்க முடியவில்லை. வாரத்தில் ஐந்து நாளும் முட்டை சாப்பிட்ட பிள்ளைகள். கோழி தின்றால் கொரோனா வரும் என்று யாரோ புரளி கிளப்பியதால், நாமக்கல் பண்ணைக்காரர்கள் வந்த விலைக்கு முட்டையைத் தள்ளிவிட்ட அதே சமயத்தில்தான் இங்கே பிள்ளைகளுக்கு முட்டை இல்லாமல் போனது. நானும் இன்னொரு டீச்சரும் பேசி, வாரத்துக்கு இரண்டு நாள் வீட்டிலேயே அவித்து, வாசலில் வைத்துக் கொடுக்கிறோம். மூன்றாவது படிக்கிற ஒரு பெண் பிள்ளை, முட்டையை வாங்கிப் பாவாடையில் மடித்துக்கொண்டு போகிறாள், அங்கே சாப்பிடுவதில்லை. தம்பிக்காம். அவன் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை, அதனால் எங்கள் கணக்கில் அவன் இல்லை. இப்போது அவளுக்கு இரண்டாகக் கொடுக்கிறோம்.

மே 4-ம் தேதி மீனாட்சி கல்யாணத்தை டிவியில் பார்த்தோம். பட்டர்கள் நாலைந்து பேர், அவ்வளவுதான். அத்தை குளித்துவிட்டுச் சாமி அறையில் உட்கார்ந்து, டிவியில் திருப்பூட்டும் நேரத்தில் மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டார். நானும் மாற்றிக்கொண்டேன். அழகர் இந்த வருஷம் ஆற்றில் இறங்கவில்லை. நாம் படிக்கும்போது ராத்திரி முழுக்க நடந்தே தல்லாகுளம் போய், விடியவிடிய நின்று பார்த்தோமே, உன் செருப்பு ஒன்று கூட்டத்தில் போய்விட்டதே, அதை அத்தையிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இப்படி நின்றதில்லையாம்.

இனி எழுதப்போவதுதான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

ஊரடங்கு போட்ட மூன்றாம் நாளே ஊருக்குள் வருகிற வழியில் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு அடைத்தார்கள். தெருமுனையில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. மாநிலத்தில் முதல் சாவு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில்தானே, அந்தப் பயம் இங்கே எல்லாருக்கும் நெஞ்சில் ஏறிவிட்டது. எனக்கும்தான். அதை நான் தப்பென்று சொல்லவில்லை. ஆனால் போன வாரம் தெற்குத் தெரு முருகாயி மகன் வந்தான். உனக்கு நினைவிருக்கும், பொங்கலுக்கு நீ வந்தபோது பஸ் ஸ்டாண்டிலிருந்து உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தானே, அந்தப் பையன். கோயம்பேட்டில் லோடுமேன் வேலை. மார்க்கெட்டை 5-ம் தேதி மூடினார்கள், அதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே அங்கே நோய் பரவுகிறது என்று தெரிந்து, லாரி மாற்றி லாரி ஏறி வந்திருக்கிறான். முள்ளுக்கு அந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்கள். வெயில். முருகாயி இந்தப் பக்கம் நின்று கும்பிடுகிறாள். "வந்த வழியே போகச் சொல்லு" என்றார் ஒருவர். எங்கே போவான்?

கிராம நிர்வாக அலுவலரும் சுகாதார ஆய்வாளரும் வந்தார்கள். பள்ளிக்கூடத்தில் தங்க வைக்கலாமா என்று என்னைக் கேட்டார்கள். ஊரில் பலருக்குச் சம்மதமில்லை, நாளைக்கு நம் பிள்ளைகள் உட்காருகிற இடம் என்றார்கள். நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். பதினாலு நாள் கழித்து மருந்து அடித்து, கழுவி, முதலில் என் மகனை அங்கே உட்காரவைக்கிறேன் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தம் போட்டார்கள், அப்புறம் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

முருகாயி இரண்டு வேளையும் தூக்குவாளியைக் கேட்டில் வைத்துவிட்டு இருபது அடி தள்ளி நிற்பாள், அவன் வந்து எடுத்துக்கொள்வான். ஒருநாள் ஜன்னலுக்கு வெளியே நின்று அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். வகுப்பறைச் சுவரில் சின்னப் பிள்ளைகள் எழுதுவதற்குத் தாழ்வாகப் பலகை பதித்திருக்கிறோம் இல்லையா, அதில் சாக்பீஸால் ஏதோ எழுதியிருந்தான். எத்தனை மூட்டை, என்ன கூலி, எத்தனை நாள் பாக்கி. வேலை பார்த்த கடையில் வர வேண்டிய பணமாம். கூட்டி, அடிக்கோடு போட்டிருந்தான். "சரியா இருக்கா டீச்சர்?" என்று கேட்டான். சரியாகத்தான் இருந்தது. அந்தப் பணம் அவனுக்கு வருமா என்றுதான் தெரியவில்லை. முதல் பரிசோதனையில் அவனுக்கு நோய் இல்லை என்று வந்துவிட்டது. ஆனாலும் முருகாயிக்குக் கடையில் சாமானை நேராகக் கையில் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள், திண்ணையில் வைக்கிறார்கள்.

இதை எதற்கு இவ்வளவு எழுதுகிறேன் என்றால், உன் ஹவுஸ் ஓனர் சொன்னதை நீ உன் அம்மாவிடம் சொல்லவில்லை, என்னிடம் மட்டும் சொன்னாய். "டியூட்டி முடிந்து இங்கே வர வேண்டாம், வீட்டில் வயசானவர்கள் இருக்கிறார்கள்" என்று. நீ அவர் பக்கத்தையும் யோசித்து, வேறு இடம் பார்க்கிறேன் என்றாய். எனக்கு அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்கவில்லை. சென்னையில் கொரோனாவில் இறந்த அந்த நரம்பியல் அறுவை மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் கல்லெறிந்தார்களே, அப்போதும் இப்படித்தான் இருந்தது. பயப்படுவது வேறு, நமக்காக நோயோடு மல்லுக்கட்டுகிறவர்களை விரட்டுவது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டு எல்லாரும் நியாயம் பேசுகிறார்கள்.

நீ வீட்டைக் காலி செய்யாதே. ஏப்ரல் 22-ம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டது, அது அடிதடிக்கு மட்டும் இல்லை. மருத்துவப் பணியாளர்களை அவர்கள் குடியிருக்கிற இடத்தில் தொந்தரவு செய்து வேலை பார்க்கவிடாமல் தடுப்பதும் அதில் குற்றம்தான். மூன்று மாதம் முதல் ஐந்து வருஷம் வரை தண்டனை. முதலில் உங்கள் சூப்பரிண்டெண்டிடம் எழுத்தில் கொடு. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. ஹவுஸ் ஓனருக்கு ஒருவர் எடுத்துச் சொன்னால் போதும். உனக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவர் நம்பரை அனுப்பு, நான் பேசுகிறேன். மரியாதையாகத்தான் பேசுவேன்.

7-ம் தேதி டாஸ்மாக் திறந்த கதை உனக்குத் தெரியும். ரேஷனில் வந்த ஆயிரமும் பொம்பளைகள் கணக்கில் போட்ட ஐந்நூறும் ஒரே நாளில் எத்தனை வீட்டில் போயிருக்கும்! மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னதைக் கேட்டு இங்கே பெண்கள் எல்லாம் பெருமூச்சு விட்டார்கள். எத்தனை நாளைக்கு மூடியிருக்கும் என்று பார்ப்போம்.

டியூட்டியும் தனிமையும் முடிந்து உனக்கு நாலு நாள் கிடைத்தால், இ-பாஸ் வாங்கிக்கொண்டு வந்துவிடு. உங்கள் வீட்டுக்கு நேராகப் போகாதே, உன் அம்மாவுக்குச் சுகர் இருக்கிறது. தோட்டத்து மோட்டார் ரூமைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, கட்டில் போட்டிருக்கிறோம். பாத்ரூமும் பக்கத்திலேயே இருக்கிறது. அத்தைதான் யோசனை சொன்னார்கள், சாப்பாடும் அவர்களே கொண்டுவந்து வைப்பார்களாம். வரப்புக்கு அந்தப் பக்கம் நின்று கயல் உன்னைப் பார்க்கட்டும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசட்டும். ஊரில் யாராவது கேட்டால் நான் பதில் சொல்கிறேன். இந்தத் தடவை முருகாயியும் என்னோடு வந்து நிற்பாள்.

இரண்டு விஷயம் கேட்க வேண்டும். உன் அம்மா கேஸ் புத்தகத்தைத் தேடிக்கொண்டே இருக்கிறார், எங்கே வைத்தாய்? கயலுக்குக் கண்ணாடி பவர் கூடியிருக்கிறது போலிருக்கிறது, புத்தகத்தைக் கிட்டே வைத்துப் படிக்கிறாள். திருமங்கலத்தில் கண்ணாடிக் கடை திறந்ததும் நான் கூட்டிக்கொண்டு போகட்டுமா, நீ வரும்வரை பொறுக்கட்டுமா? சொல்.

அன்புடன்,
தமிழ்ச்செல்வி