பிள்ளைகள் அளவுக்குப் பந்து

ஆசிரியருக்கு,

தொடக்கப் பள்ளிகளின் விளையாட்டு நிதியை உயர்த்தக் கேட்ட தங்கள் தலையங்கம் படித்தேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் விதிப்படி ஒரு தொடக்கப் பள்ளிக்கு விளையாட்டுப் பொருட்கள் வாங்க ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரைதான். அதை உயர்த்தக் கேட்பது நியாயமே. ஆனால் அந்தப் பணத்தில் எதை வாங்குகிறோம் என்பது அதைவிட முக்கியம். 5-ஆம் எண் கால்பந்து 410 முதல் 450 கிராம் எடை, பெரியவர்கள் ஆடுவது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை அதை ஓங்கி உதைத்தால் பாதம் வலிக்கும், மறுமுறை பந்துக்கு அருகில் வராது. அந்த வயதுக்கு அதைவிடச் சிறிய, எடை குறைந்த 3-ஆம் எண் பந்தே சரி. ஸ்கிப்பிங் கயிறும் அப்படித்தான்: நடுவில் மிதித்து நின்றால் கைப்பிடி அக்குள் அளவுக்கு வர வேண்டும், நீளம் கூடினால் காலில் சிக்கும்.

பள்ளி பீரோக்களில் முடங்கிக் கிடக்கும் பந்துகளில் பல, கிழிந்தவை அல்ல; காற்று இறங்கியவை. பம்பு இருக்கும், ஊசி இருக்காது. அல்லது ஊசியை ஈரப்படுத்தாமல் குத்தியதில் வால்வு கெட்டிருக்கும். எனவே தொடக்கப் பள்ளிகளுக்கெனத் தனிப் பொருள் பட்டியல் வேண்டும். அதில் பம்பும் ஐந்தாறு ஊசிகளும் கட்டாயம் இடம்பெற வேண்டும். உடற்கல்வி ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் வகுப்பாசிரியருக்கு ஒரு நாள் பயிற்சியும், ஜூன் மாதத்திலேயே பணமும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.